காரைக் கடலும் கணினித் திரையும்

நுழையும்முன்

பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஏர் ஓட்டும் உழவரின் கொழுமுனையில் கடற்சிப்பி தட்டுப்படுவதுண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதைக் கண்டவர் எவருமிலர். அது விட்டுச்சென்ற சேறும் ஓடுகளுமே நம் கையில் உள்ளன. அச்சான்றுகளைத் துணைக்கொண்டு கணினித் திரையில் அக்கடலை வரைய முற்படும் ஓவியர் இரண்டு வினாக்களை எதிர்கொள்கிறார். தட்டையான திரையில் ஆழத்தை எவ்வாறு தோற்றுவிப்பது? எவரும் காணாத நிலத்துக்கு எவ்வண்ணத்தைத் தருவது?

பச்சைமலையின் நீலம்

பெரம்பலூரிலிருந்து மேற்கே நோக்குவோர் கண்ணில் படுவது பச்சைமலை. பெயரில் பச்சை இருப்பினும், மழை ஓய்ந்த காலைவேளையில் தொலைவிலிருந்து காண்போருக்கு அது நீலமாகவே தோன்றும். அடிவாரத்தை நெருங்க நெருங்க நீலம் விலகிப் பச்சை வெளிப்படும். ஒரே திரளாகத் தெரிந்தவை தனித்தனி மரங்களாகவும் பாறைகளாகவும் பிரியும். மலை தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நமக்கும் மலைக்கும் இடையே நிற்கும் காற்றே அந்த நீலத்தைப் பூசுகிறது.

கதிரவன் ஒளியிலுள்ள நீலத்தைக் காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைக் காட்டிலும் மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. வானம் நீலமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம் என்பதை ஆங்கிலேய இயற்பியலறிஞர் இராலே 1871ஆம் ஆண்டில் விளக்கினார். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, தொலைவிலுள்ள மலைகளைக் காற்றின் நிறத்தோடு கலந்து தீட்ட வேண்டும் என்று இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி (1452–1519) தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். அறிவியல் காரணம் சொல்வதற்கு முன்பே ஓவியரின் கண் உண்மையைக் கண்டுகொண்டது.

தொலைவு கூடக்கூடப் பொருளின் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு குறைகிறது. நிறத்தின் செறிவு தணிகிறது. விளிம்புகள் மென்மையாகின்றன. நுண்கூறுகள் மறைகின்றன. ஆனால், தொலைவு என்றாலே நீலம் என்று மனப்பாடம் செய்துகொள்ளுதல் தவறு. கோடையில் புழுதி எழும் நாளில் அதே பச்சைமலை சாம்பல் கலந்த மஞ்சளாகத் தோன்றும். அந்திச் செவ்வானத்தின் முன் ஊதாவாகும். இடையிலுள்ள காற்று எந்நிறமோ, தொலைவிலுள்ள பொருளும் அந்நிறத்தையே நோக்கிச் செல்லும். இவ்வொன்றைப் புரிந்துகொண்டவர் கற்பனை நிலத்தையும் நம்பத்தக்கதாக வரைந்துவிடலாம்.

கண்ணுள் வினைஞரும் அடுக்குகளும்

ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று அழைத்தது பழந்தமிழ். காண்போரின் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிலைநிறுத்துவோர் என்று இதற்கு உரையாசிரியர் பொருள் கூறுவர். ஆழம் என்பதும் அத்தகையதே. திரையில் ஆழம் இல்லை. காண்பவர் கண்ணுக்குள்தான் அது உருவாகிறது. வண்ணம் தீட்டப்படாத கோட்டோவியத்துக்குப் 'புனையா ஓவியம்' என்ற பெயரும் நம்மிடம் இருந்தது. கோடு முதலில், வண்ணம் பிறகு என்னும் வரிசை கணினியிலும் தொடர்கிறது.

சித்தன்னவாசல் ஓவியத்தின் தாமரைக்குளத்தை நினைவிற்கொள்க. இலைகளும் மலர்களும் மீன்களும் பறவைகளும் ஒன்றையொன்று மறைத்தும் மேலும் கீழுமாக அமைந்தும் குளத்தின் பரப்பை உணர்த்துகின்றன. முன்னிருப்பது பின்னிருப்பதை மறைக்கும் என்பதே ஆழத்தின் மிகப் பழைய இலக்கணம். காற்றின் நிறத்தைக் கொண்டு தொலைவைக் காட்டும் முறையை அவ்வோவியர் கையாளவில்லை. குளத்தை வரைய அது தேவைப்படவும் இல்லை.

கணினி ஓவியத்தில் முன்னும் பின்னுமாக அமையும் பொருள்களைத் தனித்தனி அடுக்குகளில் வரையலாம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியைத் தீட்டுவதோடு இதனை ஒப்பிடலாம். ஃபோட்டோஷாப் மென்பொருளில் அடுக்குகள் 1994ஆம் ஆண்டு இடம்பெற்றன. இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் கிரிட்டா, கிம்ப் ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு. விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று எண்ணி எவரும் தயங்க வேண்டியதில்லை. சுட்டியைக் கொண்டே தொடங்கலாம். அழுத்தத்துக்கேற்பக் கோட்டின் தடிமன் மாறும் மின்தூரிகை கிடைத்தால் கை விரைந்து பழகும், அவ்வளவே.

காரையில் கிடைக்கும் சான்றுகள்

பெரம்பலூர் மாவட்டத்தின் காரை என்னும் ஊரையொட்டி, மழைநீர் அரித்த களிமண் மேடுகள் வரிவரியாகக் கிடக்கின்றன. பழுப்பும் சாம்பலும் கலந்த அம்மண்ணில் செடிகொடிகள் மிகக் குறைவு. வெயில் படும்போது மண்ணிடையே ஜிப்சம் சில்லுகள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னும். தோட்டாவைப் போன்ற வடிவுடைய பெலம்னைட்டுகளும் சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் இங்கிருந்து கிடைத்துள்ளன. இரண்டும் இன்றைய கணவாய்க்கு உறவான கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்கள். முன்னது உடலுக்குள் இருந்த கூடு. பின்னது உடலைத் தாங்கிய ஓடு.

இப்பகுதியின் பாறைகளைப் புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1860களில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று தொகுதிகளாக வகுத்தார். காலத்தால் மூத்தது ஊட்டத்தூர்த் தொகுதி. காரையின் களிமண் அதனைச் சேர்ந்தது. அதன் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. மெல்லிய சேறு அலை மோதும் கரையோரத்தில் தங்காது. அலையின் அலைக்கழிப்புக் குறைந்த ஆழமான நீரிலேயே படியும். ஆகவே காரைக்கு மணற்கரையைவிடச் சற்று உள்வாங்கிய, கலங்கிய கடலே பொருந்தும். டால்மியாபுரம் பகுதியிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் பவளத்தின் எச்சங்கள் உள்ளன. தெளிந்த, ஆழம் குறைந்த நீரை வரைய விரும்புவோர் அப்பக்கம் செல்லலாம். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கரையில் காடு இருந்ததற்கு அம்மரமே சான்று.

இன்று கடற்கரை பெரம்பலூரிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அன்றோ கடல் இங்கே இருந்தது. மேற்கே பழம்பாறை நிலம் உயர்ந்து நின்றது. எனவே கடலிலிருந்து கரையை நோக்கும் காட்சியின் பின்னணியில் உயர்நிலம் அமையலாம். இன்றைய பச்சைமலையின் உருவத்தை அப்படியே பெயர்த்து அங்கே வைத்தல் மட்டும் ஆகாது. 10 கோடி ஆண்டு மழையும் வெயிலும் அதன் உருவை மாற்றாமல் விட்டிருக்குமா?

நிலமும் பொழுதும்

அகப்பொருளில் நிலமும் பொழுதுமே முதற்பொருள். மரமும் பறவையும் விலங்கும் கருப்பொருளாகப் பின்னரே வருகின்றன. நிலக்காட்சி வரைவோர்க்கு இவ்வரிசையைக் காட்டிலும் சிறந்த வழிகாட்டி இல்லை என்றே கூறலாம். பெரும்பாலான மாணவர்கள் முதலில் விலங்கை வரைந்து, அதற்கு வண்ணம் தந்து, மிஞ்சிய இடத்தை வானத்தால் நிரப்புகின்றனர். அவ்விலங்கு ஒட்டவைத்த படம்போல் தனித்து நிற்பதற்குக் காரணம் இதுவே. எப்பொழுது, ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, காற்று எந்நிறம் என்பவற்றை முடிவுசெய்யாமல் எந்தப் பொருளுக்கும் நிறமில்லை.

நெய்தல் திணைக்குரிய சிறுபொழுது எற்பாடு. கதிரவன் சாயும் அப்பொழுது காரைக் கடலுக்கும் மிகப் பொருந்தும். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பகுதி மடகாஸ்கரோடு இணைந்து, பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே கிடந்தது. அங்கே நண்பகலிலும் கதிரவன் தலைக்கு நேர்மேலே நில்லாது. வடபுறம் சாய்ந்தே ஒளி வீசும். இன்று பெரம்பலூரில் சித்திரை மாத நண்பகலில் நிழல் காலடியில் ஒடுங்குகிறதே, அந்த ஒளியை அக்கடலுக்குத் தருவது பொருந்தாது. சாய்ந்த ஒளியும் நீண்ட நிழலும் ஓவியருக்கு ஒரு நன்மையையும் செய்கின்றன: அலையின் ஒவ்வொரு முகட்டுக்கும் ஒளிப்பக்கம், நிழற்பக்கம் என இரு பக்கங்கள் கிடைத்துவிடுகின்றன.

சாம்பலில் தொடங்குதல்

வண்ணத்தைத் தொடும் முன் முழுக்காட்சியையும் வெள்ளை, சாம்பல், கறுப்பு ஆகியவற்றால் மட்டும் தீட்டிப் பார்க்க வேண்டும். திரையின் ஒளியளவு 0 முதல் 255 வரை எண்ணாகக் குறிக்கப்படும். 0 கறுப்பு, 255 வெள்ளை. தொலைவிலுள்ள உயர்நிலத்தை 170க்கும் 210க்கும் இடையே அடக்குக. நடுவிலுள்ள கடற்பரப்புக்கு 100 முதல் 190 வரை தரலாம். அண்மையிலுள்ள பாறைக்கும் நுரைக்கும் மட்டும் 20 முதல் 245 வரை விரிந்த எல்லை கிடைக்கட்டும். இவ்வெண்கள் மாறாத விதிகள் அல்ல. பனிமூட்டம் மிகுந்தால் எல்லைகள் இன்னும் நெருங்கும். அடர்கறுப்பை மட்டும் அண்மைப் பகுதிக்கே ஒதுக்கிவிடுதல் நன்று. தொலைவு மலையில் ஒரு கறுப்புக்கோடு விழுந்தாலும் அம்மலை முன்னே தாவி வந்துவிடும்.

ஒவ்வொரு தொலைவுக்கும் ஓர் அடுக்கு வைத்த பின்னர், அடுக்குகளுக்கு இடையே வான்நிறத்தில் மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் புகுத்த வேண்டும். பத்து விழுக்காடு அடர்த்தி போதும். உயர்நிலத்தின் முன் ஒரு பூச்சு, கடலின் நடுப்பகுதிக்கு முன் மற்றொன்று. பின்னணியின் மேல் இரண்டு பூச்சுகளும் படிவதால் அது இயல்பாகவே மங்கும். காற்று செய்யும் வேலையை அடுக்கு செய்கிறது. பூச்சு அடியில் அடர்ந்தும் மேலே மெலிந்தும் இருந்தால் நீர்ப்பரப்பின்மேல் படியும் ஈரக்காற்றின் தோற்றம் கிட்டும்.

விளிம்புகளையும் இங்கேயே கவனிக்க வேண்டும். காட்சி முழுவதும் ஒரே கூர்மையான தூரிகையால் வரையப்பட்டால் கண் எங்கே தங்குவது என்றறியாமல் அலையும். கூர்மை வேண்டிய இடம் ஒன்றிரண்டே. மற்றவை கரையட்டும்.

வண்ணம் ஏற்றுதல்

திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள் இருப்பதால் 1,67,77,216 வண்ணங்கள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. தொடக்கநிலை ஓவியருக்கு இதுவே இடையூறு. இவ்வளவும் கிடைக்கிறது என்பதால் இவ்வளவையும் செலவிட விழைகிறார். வானம் முழுச்செறிவில் ஊதா, கடல் முழுச்செறிவில் நீலம், பாறை முழுச்செறிவில் செம்மை. எல்லாம் உரக்கப் பேசும் அவையில் எதுவும் காதில் விழுவதில்லை. காரைக் காட்சிக்கு நான்கு வண்ணக் குடும்பங்கள் போதும்: களிமண்ணின் பழுப்பு, கலங்கிய நீரின் சாம்பற்பச்சை, எற்பாட்டு வானின் வெளிர்மஞ்சள், நிழலின் நீலச்சாம்பல். முழுச்செறிவுள்ள நிறத்தை ஓரிடத்துக்கு மட்டும் சேமித்துவைக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்: சாம்பல் ஓவியத்தின்மேல் வண்ண அடுக்கை வைத்து 'மல்டிபிளை' என்னும் கலப்பு முறையைத் தேர்ந்தால், மென்பொருள் இரு அடுக்குகளின் எண்களையும் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. கீழே 128, மேலே 200 எனில் விடை ஏறத்தாழ 100. கீழே 255 எனில் மேலேயுள்ள நிறம் மாறாமல் நிற்கும். கீழே 0 எனில் எந்நிறம் பூசினாலும் கறுப்பே. இம்முறை ஒருபோதும் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. ஒளியைக் கூட்ட 'ஸ்கிரீன்' முறை உதவும்.

இவ்வாறு ஏற்றிய வண்ணம் பெரும்பாலும் சற்று அழுக்கேறியதுபோல் தோன்றும். சாம்பலின்மேல் ஒரே நிறத்தைப் படரவிட்டால், ஒளிப்பக்கமும் நிழற்பக்கமும் அந்நிறத்தின் வெளிறிய வடிவமும் கறுத்த வடிவமுமாக நின்றுவிடுகின்றன. இயற்கையில் அவ்வாறு இல்லை. சாயும் கதிரவனின் ஒளி மஞ்சள். அது படாத நிழலுக்கு வானத்தின் நீல ஒளியே வெளிச்சம் தருகிறது. ஆகவே பழுப்புப் பாறையின் ஒளிப்பக்கம் பொன்னிறத்தையும் நிழற்பக்கம் நீலத்தையும் நோக்கி நகர வேண்டும். இதற்கு மேலும் ஓர் அடுக்கில், மறைக்கும் தன்மையுள்ள சாதாரணத் தூரிகையைக் கொண்டு நேரடியாகத் தீட்டுவதே நல்ல வழி. கலப்பு முறைகள் தொடக்கத்துக்கு உதவுமே தவிர, முடிவை அவற்றிடம் ஒப்படைக்கலாகாது.

இடையிடையே ஓவியத்தை இடவலமாகத் திருப்பியும் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியும் பார்க்க வேண்டும். வண்ணத்தை நீக்கிச் சாம்பலாக்கிப் பார்த்தால், ஆழம் எங்கே குலைந்தது என்பது உடனே தெரியும்.

நீரின் ஆழம்

தமிழில் 'ஆழம்' என்னும் சொல் ஓவியத்தின் ஆழத்தையும் கடலின் ஆழத்தையும் ஒருங்கே குறிக்கிறது. காரைக் கடலின் உட்புறத்தை வரைவோர்க்கு இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. நீர் சிவப்பொளியை விரைந்து உறிஞ்சிவிடும். தெளிந்த கடலிலும் 10 மீட்டருக்குள் சிவப்பின் பெரும்பகுதி அடங்கிவிடும். நீலமே நெடுந்தொலைவு செல்லும். நீர்மட்டத்துக்கு அருகில் செம்பழுப்பாகத் தெரியும் ஓர் அம்மோனைட்டின் ஓடு, 20 மீட்டர் ஆழத்தில் மந்தமான சாம்பலாகத் தோன்றும். கீழே செல்வதால் மட்டுமன்றி, நம்மிடமிருந்து விலகிச் செல்வதாலும் நிறம் இழக்கப்படும்.

சேறு கலந்த நீரில் பார்வை சில மீட்டர்களிலேயே முடிந்துவிடும். ஆகவே இருபது அம்மோனைட்டுகள் அணிவகுத்து நீந்துவதாக வரைந்து, இருபதையும் துலக்கமாகக் காட்டினால் அக்கடல் காரைக் கடல் அன்று. அண்மையில் ஒன்று துலங்கட்டும். அதன் பின்னே இரண்டு நிழலுருவாகத் தெரியட்டும். மற்றவை இருக்கக்கூடும் என்று கண் ஊகித்துக்கொள்ளும்.

எவர் கண்ட நிறம்?

புதைபடிவங்களை ஆராய்ந்து தொல்பழங்காலக் காட்சியொன்றை முழுமையாக வரைந்த முன்னோடி, ஆங்கிலேயப் புவியியலாளர் ஹென்றி டி லா பெச். இங்கிலாந்தின் தென்கரையில் மேரி ஆனிங் அகழ்ந்தெடுத்த எலும்புகளைக் கொண்டு, 1830ஆம் ஆண்டில் 'தூரியா ஆன்டிகுவியர்' என்னும் நீர்வண்ண ஓவியத்தைப் படைத்தார். நீர்மட்டத்தின் மேலும் கீழும் ஒருசேரத் தெரியுமாறு, கண்ணாடித் தொட்டியைப் பார்ப்பதுபோல் அது அமைந்தது. அதன் அச்சுப்படிகளை விற்ற பணம் வறுமையிலிருந்த ஆனிங்குக்கு உதவியது. காரைக் கடலுக்கும் இந்த அமைப்பைப் பின்பற்றலாம்.

வடிவத்தை எலும்பும் ஓடும் சொல்லிவிடும். நிறத்தைச் சொல்வது அரிது. சீனாவில் கிடைத்த சைனோசரோப்டெரிக்ஸ் என்னும் சிறு டைனோசரின் இறகுகளில் நிறமித் துகள்கள் எஞ்சியிருந்தன. அவற்றை ஆராய்ந்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறிமாறி வரிகளாக இருந்தன என்று 2010ஆம் ஆண்டில் அறிவித்தனர். காரையின் அம்மோனைட்டுக்கு அத்தகைய சான்று நம் கையில் இல்லை. அதற்காக விரும்பிய நிறத்தை எல்லாம் பூசிவிடலாமா? ஓடுடைய தொலைதூர உறவான நாட்டிலஸ் இன்றும் வாழ்கிறது. அதன் ஓட்டின் மேற்பகுதியில் செம்பழுப்பு வரிகள் உண்டு, அடிப்பகுதி வெண்மை. மேலிருந்து நோக்கும் பகைக்குக் கருங்கடலோடும், கீழிருந்து நோக்கும் பகைக்கு ஒளிரும் நீர்ப்பரப்போடும் கலந்துவிட அந்நிறம் உதவுகிறது. காரணத்தோடு தேர்ந்த நிறம் இது. இதனைத் தேர்ந்தவர், 'நாட்டிலஸை ஒட்டி ஊகித்த நிறம்' என ஓவியத்தின் அடியில் ஒரு வரி எழுதிவைத்தல் வேண்டும். பார்ப்பவர் வடிவத்தைவிட வண்ணத்தையே எளிதில் நம்பிவிடுகிறார். நெடுநாள் நினைவிலும் வைத்துக்கொள்கிறார்.

இந்நேர்மைக்கு இம்மண்ணில் கூடுதல் தேவை உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் விரிகின்றன. காரையின் மேடுகளை மழை கரைக்கிறது. வந்து பார்ப்போர் ஆளுக்கொரு ஓட்டை எடுத்துச் செல்கின்றனர். வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்துச் சென்று, ஒவ்வொரு ஓட்டின் சுருளையும் வரியையும் வரைந்து வருதல் நலம். களத்தில் கண்டதை அங்கேயே விட்டுவிட்டு, ஒளிப்படத்தை மட்டும் கொண்டு வரலாம்.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் பேருருவ டைனோசர் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. 1980களில் அதற்குப் புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். பேருடல் கொண்ட பல்லி என்பது பொருள். முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்ட அது, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளின் இனத்தோடு சேர்க்கப்பட்டது. அவ்வெலும்புகள் பொடிந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை சில வரைபடங்களும் ஒளிப்படங்களுமே.

அவ்விலங்கைக் காரைக் கடலின் கரையில் நிறுத்த எவருக்கும் ஆசை எழும். நிறுத்தலாகாது. கல்லமேட்டின் படிவுகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையுடையவை. காரைக்கும் அதற்கும் இடையே 3 கோடி ஆண்டு உள்ளது. அதற்குத் தனித்திரை வேண்டும். அங்கே கடலுக்கு மாற்றாக ஆறு கொணர்ந்த வண்டலும் வெள்ளச் சமவெளியும் வரட்டும். முன்னணியில் ஈரமணலையும் அதில் தேங்கிய நீரையும் கூர்மையாகத் தீட்டுக. வண்டலின் நிறம் இன்றும் கண்ணால் காணக்கூடியது. விலங்கைத் தொலைவில், விடியற்பனியின் இரண்டு பூச்சுகளுக்குப் பின்னால் நிறுத்துக. அதன் கழுத்தும் முதுகும் வானத்தைவிடச் சற்றே கறுத்த நிழலுருவாக மட்டும் தெரியட்டும். தோலின் நிறத்தை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.